பொம்மைக் கடையில் அழுத பிள்ளை

மகளே,

மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இதை எழுதுகிறேன். ஊரே சாப்பிட்டுப் படுத்திருக்கிறது. நாலு மணி வரைக்கும் கடைக்கு யாரும் வர மாட்டார்கள். சாப்பிட வரவில்லையா என்று உன் அம்மா இரண்டு தரம் போன் பண்ணிவிட்டாள். புதுச் சரக்கு வந்திருக்கிறது, பிரித்து அடுக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சரக்கும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, அதைப் போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் வேகத்தைக் கூட்டி வைத்துக் கேட்பாய், அதில் என் குரல் எனக்கே அடையாளம் தெரியாது. எழுத்து என்றால் உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும். படித்துவிட்டு மாப்பிள்ளைக்கும் காட்டு. பிள்ளை வைத்திருக்கிற வேறு யாருக்காவது காட்டினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை, இதில் மறைக்க ஒன்றும் இல்லை.

கவின் பிறந்தபோது விட்ட வேலைக்கு உன்னைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். மருந்து கம்பெனி லேபில் அந்த வேலையை நீ எவ்வளவு ஆசையாகச் செய்தாய் என்று எனக்குத் தெரியும். உன் வெள்ளைக் கோட்டை உன் அம்மாவை இஸ்திரி போடக்கூட விட மாட்டாய், நீயே போட்டால்தான் திருப்தி. இரண்டரை வயசுப் பையனை என்ன செய்வது என்பதற்கு எல்லாரும் உட்கார்ந்து பேசி ஓர் ஏற்பாடும் செய்தோம். காலையில் மூலக்குளத்தில் உன் வீட்டிலிருந்து கிளம்பும்போது அவனை என் கடையில் விட்டுவிட்டு நீ வேலைக்குப் போவது. மத்தியானம் கடை மூடியதும் நான் அவனை உழவர்கரையில் நம் வீட்டுக்குக் கூட்டிப் போவது. சாயங்காலம் நீ வந்து அழைத்துக்கொள்வது. உன் அம்மாவின் முழங்கால் இருக்கிற இருப்பில் நாள் முழுக்க அவன் பின்னால் ஓட அவளால் முடியாது, அதனால்தான் காலை நேரத்தை நான் எடுத்துக்கொண்டேன். எல்லாருக்கும் சரியென்றுதான் பட்டது. ஒரு பொடியனைக் கொண்டுபோய்க் காலை முழுக்கப் பொம்மைக் கடையில் உட்கார வைக்கப் போகிறோம் என்பது மட்டும் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. இத்தனை வருஷமாய் அதே கடையில் உட்கார்ந்திருக்கிற எனக்கே உறைக்கவில்லை என்றால் மற்றவர்களைச் சொல்லி என்ன.

ஞாயிற்றுக்கிழமை பழக்கிப் பார்க்கலாமென்று அவனை அழைத்துக்கொண்டு வந்தாய். வெளியே சந்தை. நடைபாதை முழுக்கத் துணியும் செருப்பும் பாத்திரமும் பரப்பிக் கிடக்க, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு நீ கடைக்குள் ஏறினதே பெரிய விஷயம். அவனை இடுப்பிலிருந்து இறக்கி ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. கீழ் வரிசையிலிருந்த மஞ்சள் நிற மண் அள்ளும் வண்டியைப் பார்த்துவிட்டான். வேணும் என்றான். வேண்டாம், வீட்டில் இரண்டு இருக்கிறது என்றாய். அது வேறே இது வேறே என்று சொல்ல அவனுக்கு வார்த்தை வராது, அதனால் தரையில் விழுந்தான். அட்டைப் பெட்டிகளைக் காலால் உதைத்தான். கத்தின கத்தில் சந்தையில் பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேரத்தை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்கள். நீ குனிந்து அவனிடம் என்னவோ மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தாய், உன் கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். அந்த வண்டியை எடுத்து, சுவிட்சைப் போட்டு, அவன் முகத்துக்கு நேரே தரையில் ஓடவிட்டேன். ஓடவிட்டுவிட்டு, உன்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தபடி நின்றேன். நீ நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். "எங்கிட்டயே யாவாரம் பண்றியாப்பா?" என்று சத்தமில்லாமல் கேட்டாய். பிறகு அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாய்.

அது என்ன என்று மற்றவர்களுக்குப் புரிந்திருக்காது, கடையில் வளர்ந்த உனக்குப் புரிந்தது. அழுகிற பிள்ளை கடைக்குள் இருந்தால் பொம்மைக்காரன் கை சும்மா இருக்காது. பிள்ளைகள் கைக்கு எட்டுகிற உயரத்தில் எதை வைப்பது, எதற்கு எப்போதும் பேட்டரி போட்டே வைத்திருப்பது, எதை வாசலில் கட்டித் தொங்கவிடுவது என்று எல்லாவற்றுக்கும் எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. அம்மாக்காரியின் கண் மட்டத்தில் விளையாட்டுச் சாமானே இருக்காது, அங்கே பாட புத்தகமும் கலர் பென்சிலும்தான். முக்கியமான விஷயம், பொம்மையை ஓடவிட்டுவிட்டு அம்மாவைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் நாம் விற்கிறோம் என்று ஆகிவிடும். தெருவைப் பார்த்தால் பொம்மை தானாகவே ஓடினதாக ஆகிவிடும். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நின்று நின்று வந்த பழக்கம். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கை என்னைக் கேட்டுக்கொண்டு போகவில்லை. பேரனைக் கடைக்கு வந்த பிள்ளையாகவும் மகளைப் பர்ஸைத் திறக்க வேண்டிய அம்மாவாகவும் பார்த்துவிட்டது. நீ கேட்டது நியாயமான கேள்வி.

ஒன்று சொல்லட்டுமா, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. கடைக்குள் விழுந்து புரளுகிற பிள்ளையைப் பார்த்து நான் ஒரு நாளும் கவலைப்பட்டது கிடையாது. மழை பெய்கிறது, வெயில் அடிக்கிறது, பிள்ளை புரளுகிறது, அவ்வளவுதான். பெரியவர்களைத்தான் வேடிக்கை பார்ப்பேன். புரளுகிற பிள்ளையை விட நிற்கிற அப்பா அம்மா செய்கிற கூத்து அதிகம். அது ரிப்பேர் என்பார்கள். பேட்டரி தீர்ந்துபோச்சு என்பார்கள். தாத்தா அதை விக்க மாட்டாராம் என்று சொல்லிவிட்டு எனக்குக் கண்ணடிப்பார்கள், நானும் ஆமாம் என்று தலையாட்ட வேண்டும். சரக்கை வாங்கி அடுக்கி வைத்துக்கொண்டு விற்க மாட்டேன் என்று தலையாட்டுகிற வியாபாரி இந்த ஊரில் நான் ஒருத்தன்தான் இருப்பேன். இன்னும் சிலர், அழுதால் அந்தத் தாத்தா அடிப்பாரு என்று என்னைக் காட்டிவிடுவார்கள். கடற்கரைச் சாலையில் சாயங்காலம் நடக்கப் போனால் சில குழந்தைகள் என்னைப் பார்த்ததும் அம்மா புடவைக்குள் ஒளிவதன் காரணம் அதுதான். நான் யாரையும் ஒரு தட்டுக்கூடத் தட்டினதில்லை.

போன ஆகஸ்ட் மாதம் ஒரு குடும்பம் வந்தது. பெரியவர் சொல்தா, பிரெஞ்சு பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து இங்கே பென்ஷன் வாங்குகிறவர். மகள் பிரான்சிலேயே பிறந்து அங்கேயே வளர்ந்தது, விடுமுறைக்குத் தன் பெண் குழந்தையோடு வந்திருந்தது. குழந்தை ஒரு பேசும் கிளிக்காகப் புரண்டது. இந்த அம்மாள் அதட்டவில்லை, சமாதானம் சொல்லவில்லை. குழந்தைக்குப் பக்கத்தில் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். வாடிக்கையாளர்கள் அவளைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். குழந்தை ஓயும் வரை உட்கார்ந்திருந்து, ஓய்ந்ததும் மூக்கைத் துடைத்துவிட்டு, எனக்கு நன்றியாக ஒரு மெர்சி சொல்லிவிட்டு, ஒன்றும் வாங்காமல் போய்விட்டாள். ஆஹா, பிள்ளை வளர்ப்பு என்றால் இதுவல்லவா என்று நானும் நினைத்தேன். சாயங்காலம் கடை திறந்ததும் அந்தப் பெரியவர் தனியாக வந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அந்தக் கிளியைக் கறுப்புக் கவரில் போட்டுத் தரச் சொன்னார். பேசுகிற கிளியை மகளுக்குத் தெரியாமல் வீட்டில் எங்கே ஒளித்து வைத்தாரோ, ஆண்டவனுக்குத்தான் தெரியும். நான் இதைச் சொல்வது, சரியாகச் செய்கிற ஒருத்தர் எங்கேயோ இருக்கிறார், நமக்குத்தான் தெரியவில்லை என்று நீ நினைத்துக்கொண்டிருந்தால் அதை விட்டுவிடு என்பதற்குத்தான். அப்படி ஒரு குடும்பத்தை என் கல்லாவிலிருந்து நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை நீ போன் பண்ணினாய். வேலை வேண்டாம் என்று சொல்லப் போவதாகச் சொன்னாய். மாப்பிள்ளை உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டாராம். அவர் எப்போது வேறே என்ன சொன்னார். இந்தப் பிள்ளையை இப்படிக் கெடுத்து வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு அடுத்தவர் தலையில் கட்டிவிட்டுப் போவது என்று கேட்டாய். அடுத்தவர் என்று சொன்னது என்னையும் உன் அம்மாவையும், அது போகட்டும். அதற்குப் பிறகு சொன்னதுதான் எனக்குத் தைத்தது. "நான் சின்னப் புள்ளைல இப்படியா இருந்தேன்? கடை ஃபுல்லா பொம்மை, ஒரு நாளு எதுனா கேட்டனா?" என்றாய். கேட்டதில்லைதான். கடையில் நீ ஒன்றையும் கேட்டதில்லை. உறவுக்காரர்கள் அதைச் சொல்லிச் சொல்லிப் புகழ்ந்தார்கள், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு நீ ஏதோ தவசி மாதிரி பிறந்தாய் என்றும், உனக்கு இந்தப் பிள்ளை எப்படி வந்து வாய்த்தது என்றும் நினைக்கிறாய். அதனால் இன்னொரு சங்கதியையும் சொல்கிறேன்.

உனக்கு மூன்று முடியவில்லை. ஆடி மாதம், வீராம்பட்டினம் தேர். நாங்கள் இரண்டு பேரும் உன்னைத் தூக்கிக்கொண்டு போனோம். கடை வீதியில் ஒருத்தன் தாளம் தட்டுகிற குரங்கு பொம்மையைச் சாவி கொடுத்து ஆடவிட்டிருந்தான். அதே குரங்கு நம் கடையில் ஒரு பெட்டி நிறைய இருந்தது, நீ தினமும் அதன் மேல் ஏறி உட்காருவாய், திரும்பிப் பார்த்ததில்லை. ஆனால் அங்கே அந்தக் குரங்கு வேண்டுமென்று தலைகீழாக விழுந்தாய். உன் அம்மா வாங்கித் தொலையுங்களேன் என்றாள். எப்படி வாங்குவது, சொல். அந்தக் கடைக்காரனுக்கு என்னைத் தெரியும். ஒரு பொம்மைக்காரன் இன்னொரு பொம்மைக்காரனிடம் தன் கடையில் இருக்கிற பொம்மையைத் தேர்க் கடை விலைக்கு வாங்கினான் என்று ஊர் பூராவும் சொல்லிச் சிரிப்பான். என் கௌரவம் எனக்கு. உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். தேர்க் கூட்டத்தில் பஸ் எதுவும் உள்ளே வரவில்லை. அரியாங்குப்பம் வரைக்கும் நடை. வழி நெடுக என் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு கத்தினாய். மறுநாள் கடையிலிருந்து ஒரு குரங்கை எடுத்துச் சாவி கொடுத்து உன் முன்னால் வைத்தேன். நீ அதைப் பார்த்துவிட்டு உன் பாட்டுக்குப் போய் டம்ளரில் தண்ணீர் ஊற்றி விளையாடினாய். நீயும் புரண்டவள்தான். கடையில் புரளவில்லை, ஏனென்றால் கடை உனக்கு வீடு, அரிசி மூட்டையைப் பார்த்து எந்தப் பிள்ளை புரளும். கவினுக்கு அது கடை. அவன் அம்மா போல நல்ல பிள்ளையா, இல்லையா என்ற பேச்சே இதில் இல்லை.

இப்போது புதன்கிழமைக்கு வருகிறேன், எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். வேண்டாம் என்று கம்பெனியில் நேரில் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன் என்று அன்றைக்குக் காலையில் அவனை என்னிடம் விட்டுவிட்டுப் போனாய். அங்கே இருந்த மேடம் உன் பேச்சை ஏற்காமல், அவசரப்படாதே, வருகிற திங்கட்கிழமை வந்து முடிவைச் சொல் என்று அனுப்பிவிட்டார்கள், அது நல்ல மனுஷி. நீ கடைக்கு வரும்போது கவின் என் மடியில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தான். "அழுதானாப்பா?" என்று கேட்டாய். "இல்லம்மா, தங்கமா இருந்தான்" என்றேன். அந்த வாய் எத்தனை பேரிடம் இது உடையாத பிளாஸ்டிக் என்று சொல்லியிருக்கும், தடங்கல் இல்லாமல் வந்துவிட்டது. நீ நிம்மதியாய் வேலைக்குப் போக வேண்டுமே என்றுதான் சொன்னேன். நீ சிரிப்பாய் என்று பார்த்தால் உன் முகம் விழுந்துவிட்டது. "பாத்தியா. நான் இல்லாட்டி அழுவ மாட்டான். எங்கிட்டதான் இந்த ஆட்டம். நான் வளக்கறதுதான் சரியில்ல" என்றாய். அவனை வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் வைத்துப் போய்விட்டாய். உன்னை வேலைக்கு அனுப்பச் சொன்ன பொய், உன்னை வீட்டில் உட்கார வைக்கிற பொய்யாகப் போய்விட்டது. என் வியாபாரத்தில் இவ்வளவு மோசமான விற்பனை நடந்ததில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். நீ தெருமுனை திரும்பியிருக்க மாட்டாய், அவன் நேராக மஞ்சள் வண்டியிடம் போனான். அம்மா வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள், அதனால் இல்லை என்றேன். விழுந்தான். ஞாயிற்றுக்கிழமை நீ பார்த்தது ஒன்றுமில்லை. சோப்புத் தண்ணீர் ஊதிக் காட்டினேன், தட்டிவிட்டான், தரையெல்லாம் வழுக்கல். பலூனைக் கொடுத்தேன், கடித்தே உடைத்தான். உடைந்த சத்தத்தில் இன்னும் அழுதான். விற்கிற வித்தையெல்லாம் எனக்குத் தெரியும், விற்காமல் இருக்கிற வித்தை ஒன்றும் தெரியாது என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. தூக்கப் போனேன், கையைக் கடித்துவிட்டான். நல்ல பல். அதை மறைக்கத்தான் நீ வரும்போது வாட்ச்சை வலது கையில் கட்டிக்கொண்டிருந்தேன், நீ கவனிக்கவில்லை. பக்கத்துக் கடையில் பை விற்கிற செல்வி ஓடி வந்து, "போனக் குடுண்ணா, வாய மூடிக்கும்" என்றது. கொடுக்கலாமா என்று பையில் கைவைத்தேன். அதைக் கொடுத்தால் அழுகை நிற்கும், ஆனால் நாளைக்குப் போனுக்கு அழுவான், அதையும் நீதான் வந்து சமாளிக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன். பொம்மை வாங்க வந்த இரண்டு பேர் வாசலோடு திரும்பிப் போனார்கள். பந்த் நாளைத் தவிர வேறெந்த நாளும் செய்யாததைச் செய்தேன், காலை வியாபார நேரத்தில் ஷட்டரைப் பாதி இறக்கினேன்.

எனக்குக் கோபம் வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். அடிக்கலாம் போல வந்தது. அதற்கு அடுத்தபடியாக, கொடுத்துத் தொலைத்துவிடலாம் போல வந்தது. இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது, இந்தச் சத்தம் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அவனுக்கு நல்லதா கெட்டதா என்றெல்லாம் அந்த நேரத்தில் எந்த மனுஷனுக்கும் தோன்றாது. நீ ஞாயிற்றுக்கிழமை அத்தனை பேர் பார்க்க அவனை அடிக்கவும் இல்லை, வாங்கிக் கொடுக்கவும் இல்லை. குனிந்து பேசிக்கொண்டே இருந்தாய், பிறகு தூக்கிக்கொண்டு போனாய். அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குப் புதன்கிழமை தெரிந்தது. நீ வளர்ப்பது சரியில்லை என்று யாரிடமும் சொல்லாதே. என்னிடம் சொல்லவே சொல்லாதே, எனக்குக் கெட்ட கோபம் வரும். கடைசியில் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் நான் தரையில் உட்கார்ந்தேன். அந்தச் சொல்தா மகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டு உட்காரவில்லை, நிற்க முடியாமல் உட்கார்ந்தேன். அவன் அழுதான். நான் பெட்டி மேல் சாய்ந்துகொண்டு மின்விசிறியைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை, நிறைய நேரம்.

கத்தல் விம்மலாச்சு, விம்மல் விக்கலாச்சு. அவனாகவே எழுந்து வந்தான். என் வேட்டியில் மூக்கைத் துடைத்தான். மடியில் ஏறி உட்கார்ந்தான். வண்டியைப் பற்றிப் பேச்சே இல்லை. "அம்மா எங்க?" என்று கேட்டான். ஆபீஸ் போயிருக்கு என்றேன். "வருமா?" என்றான். வரும் என்றேன். பிறகு தண்ணி வேணும் என்றான். கொடுத்தேன், குடித்தான். ஷட்டரைத் தூக்கினேன், வியாபாரம் நடந்தது. நடுவில் ஒரு தரம் மஞ்சள் வண்டியிடம் போய் அதன் சக்கரத்தை விரலால் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். மறுபடி ஒரு தரம் தருவியா என்று என்னைக் கேட்கிற மாதிரி பார்த்தான், நான் இல்லை என்று தலையாட்டினேன், உதடு பிதுங்கியது, அதோடு போச்சு. முறுக்கு எடுத்துக் கொடுத்தேன். அப்போதுதான் நீ வந்தாய்.

அம்மா எங்க என்று கேட்டதைப் படித்ததும் நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு, அய்யோ என் பிள்ளை, நான் எங்கேயும் போகவில்லை என்று ஆரம்பிப்பாய், எனக்குத் தெரியும். அதற்காகவே இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் ஒரு தரம் பொய் சொல்லிப் பார்த்தாகிவிட்டது. அவன் கேட்டது வருமா என்றுதான். வரும் என்று சொன்னதும் அவனுக்குப் போதுமாக இருந்தது, நீயும் வந்தாய். வண்டி இல்லை என்றால் இல்லை, அம்மா வரும் என்றால் வரும். அவன் இரண்டையும் அழுது முடித்து ஏற்றுக்கொள்கிறான். அவன் அழுவதை ஏற்றுக்கொள்ள முடியாதது உனக்கும் எனக்கும்தான். அவன் அழக் கூடாது என்பதற்காக நான் வண்டியை ஓடவிட்டேன், அவன் அழக் கூடாது என்பதற்காக நீ வேலையை விடப் பார்க்கிறாய். வண்டி போனால் போகிறது, கடையில் வேறே இருக்கிறது. நீ படித்துத் தேடின வேலை போனால் நான் எந்த வரிசையிலிருந்து எடுத்து உனக்குக் கொடுப்பேன்.

மஞ்சள் வண்டியைப் பரண் மேல் ஏற்றிவிடு என்று உன் அம்மா சொல்கிறாள். ஏற்றப் போவதில்லை. இது பொம்மைக் கடை, ஒன்றை ஏற்றினால் அடுத்ததைக் கேட்பான், கடையையே பரணில் ஏற்ற முடியாது. தினமும் கேட்பான், தினமும் இல்லை என்பேன். சில நாள் எனக்கே பொறுக்காமல் எதையாவது கொடுத்துவிடுவேன், நானும் அந்தப் பெரியவர் மாதிரிதான். ஆனால் கறுப்புக் கவரில் போட்டு மறைக்க மாட்டேன், உன்னிடம் சொல்லிவிடுவேன். நீ திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை காலையில் அவனைக் கொண்டுவந்து விடு. நீ ஸ்கூட்டரைக் கிளப்பும்போதே ஆரம்பித்துவிடுவான். திரும்பிப் பார்க்காமல் போ என்று சொல்ல மாட்டேன், அது உன்னால் ஆகாது. பார்த்துவிட்டே போ. சாயங்காலம் வந்து அழுதானா என்று கேட்பாய். அழுதான் என்று சொல்வேன். மறுநாளும் கொண்டுவந்து விடு.

அப்பா